அணியில் சேர்க்காத இரண்டு மச்சான்கள்

கபடி பார்க்க வருகிறவர்கள் பாடிப் போகிறவனுக்குத்தான் விசிலடிப்பார்கள். மூலையில் நின்று, வந்தவன் காலைக் கவ்விப் பிடித்து, மண்ணில் புரளும் தடித்த ஆளுக்கு ஒரு சோடா வாங்கித் தரக்கூட நாதி இருக்காது. ஆனால் ஆட்டம் அந்தத் தடியன் கையில்தான் இருக்கிறது. மற்றவர்கள் இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நான் முதுகெலும்பால் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். வில்லாபுரத்தில் எங்கள் தெரு அணிக்கு நான்தான் கேப்டன். (எடை மெஷினில் நான் ஏறினால் முள்ளுக்கே சந்தேகம் வரும். அந்த உடம்புக்கு ஸ்டெப் கட்டிங் வேறு!) தாய்மாமன் மகள் செல்வி மேல் எனக்கு உயிர். அவளுக்கும் என்மேல் பிரியம்தான். இதற்கிடையில் கே.கே. நகரிலிருந்து பேங்க் மாப்பிள்ளை ஒருவருக்கு அவளைக் கேட்டு வந்துவிட்டார்கள். பதறியடித்து மாமாவிடம் ஓடினேன். அவர் கபடிப் பைத்தியம்.

"ஏன்டா சேகரு, என் பொண்ணக் கேக்குறியே, இதுவரைக்கும் நீ எதுலடா ஜெயிச்சிருக்க? பொங்கல் போட்டில கோப்பையத் தூக்கிட்டு வா, பேசுவோம். இல்லேன்னா மறுநாளே பேங்க்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

செல்விக்கு இரண்டு அண்ணன்கள், மாயாண்டி, பாண்டி. கப்பலூர் லாரிப் பட்டறையில் வேலை. லாரி டயரைத் தலையணை மாதிரி தூக்கி எறிகிற ஆட்கள். எங்கள் அணியில் எதிராளியைப் பிடிக்கிறவர்கள் என்று இருந்ததே இவர்கள் இருவரும்தான். அந்த இருவரையும் அந்த வருடம் நான் கழற்றிவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். ஒங்களுக்கு வேகம் பத்தல. இந்தத் தடவ பாடிப் போற பயலுகளா பாத்து எடுத்திருக்கேன்."

"அப்ப பிடிக்கிறது யாரு மாப்ள?" என்று கேட்டார் மாயாண்டி.

"பிடிச்சு என்ன செய்ய? பாயிண்டா அடிச்சுத் தள்ளிருவோம்ல!"

"சரிங்க கேப்டன்" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். (அந்தக் 'கேப்டன்' எனக்கு உறைத்திருக்க வேண்டும். எருமைத்தோல், உறைக்கவில்லை.)

எதிராளிகள் பாவம் நோஞ்சான்களாக வந்து வாய்த்ததால் எப்படியோ இறுதிப் போட்டி வரை வந்துவிட்டோம். அங்கே கப்பலூர் அணியில் இரண்டு பேருக்குக் கால் சுளுக்கு. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் குறைந்த அணி, எதிர் கேப்டன் சம்மதித்தால், வேடிக்கை பார்க்கிறவர்களில் யாரையாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் கை காட்டிய இடத்தில் மாயாண்டியும் பாண்டியும் கைகட்டி நின்றார்கள்.

"ஒங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று நடுவர் என்னைக் கேட்டார்.

பின்னாலிருந்து ஒரு பையன் என் பனியனை இழுத்தான். "அண்ணே, வேணாம்ணே. முடியாதுன்னு சொல்லுங்கண்ணே!"

முன்வரிசை நாற்காலியில் மாமா. பெண்கள் கூட்டத்தில் செல்வி. நான் நெஞ்சை நிமிர்த்தி, "தாராளமா ஆடட்டும்!" என்றேன். கூட்டம் கைதட்டியது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

ஆட்டம் தொடங்கியது. நாங்கள் பாடிப் போய்க் கொண்டுவந்த பாயிண்டை எல்லாம் அவர்கள் எங்கள் பக்கம் உலாவிவிட்டுத் திரும்ப எடுத்துப் போனார்கள். பிடிக்க ஆள் வேண்டுமே! ஒருவன் காலைப் பாய்ந்து பிடித்தேன். அவன் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனான். இப்படியே இழுபறியாகி, இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டு என்னுடையது. ஒருவனைத் தொட்டுத் திரும்பினால் கல்யாணம். மாட்டினால் செல்விக்குக் கே.கே. நகரில் குடித்தனம்.

மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். செல்வி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "கபடி கபடி" என்று உள்ளே போய், ஒருவன் தோளைத் தொட்டேவிட்டேன்! திரும்பிப் பாய்ந்தேன். கோடு ஒரு முழம்தான். அப்போது கணுக்காலில் ஒரு பிடி விழுந்தது. மாயாண்டி. இடுப்பில் இன்னொரு பிடி, பாண்டி.

'ஐயோ மச்சான், ஒங்க தங்கச்சிக்காக விடுங்க' என்று கெஞ்ச வேண்டும். ஆனால் வாயில் வேறு சொல் வந்தால் அவுட். அதனால் அத்தனை கெஞ்சலையும் "கபடி கபடி" என்றே கெஞ்சினேன். அழுகையும் அதிலேயே வந்தது.

"வேகம் பத்தலையா மாப்ள?" என்று மாயாண்டி என் காதோரம் கேட்டுவிட்டு, என்னை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டார்.

எங்கேயோ என் மூச்சு அறுந்து, நடுவர் விசில் ஊதி, கப்பலூர்க்காரர்கள் குதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. புது மூச்சு இழுத்து, தலைகீழாகத் தொங்கியபடி, "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே இருந்தேன். மைதானமே வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. மாயாண்டி நேரே மாமா முன்னால் போய் நின்றார்.

"அப்பா, இத எங்கப்பா போட?"

என் வாய் இன்னும் ஓயவில்லை. பிறகு மாமா குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்டா, ஆட்டம் முடிஞ்சது இன்னுமா இவனுக்குத் தெரியல?"

"தெரியலப்பா. அம்புட்டு ஆசை போல."

மாமா பெருமூச்சு விட்டார். "பயலுக்கு ஜெயிக்கத் தெரியல. ஆனா விடவும் தெரியல. வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்கடா. பேங்க்காரங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அப்போதுதான் பாட்டை நிறுத்தினேன்.

போன தை மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் காபியைக் குடித்து முடித்ததும் சமையலறையிலிருந்து செல்வி குரல் கொடுத்தாள்: "பெரியண்ணே, பேசுனது போதும். தூக்கிப் பாருங்க, பாடுறாரான்னு!"

வீடே சிரித்தது. மூட்டு வலிக்காரர் மாயாண்டி மச்சான் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார். பையன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான்.

"சும்மா இருங்க தம்பி, ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றேன். "என்னையவே இன்னும் கீழ எறக்கல."