ஸ்ரானி கிற்றார் வரலாற்றுக்குச் சில திருத்தங்கள்

கொட்டாஞ்சேனை,
14.02.2004

அன்புத் தம்பி கிளமன்றுக்கு அக்கா ஐறீன் எழுதுவது. பிரஷர் மாத்திரை தீரும்வரை நான் நலம். ரொறன்ரோக் குளிரில் நீயும் நேசமும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதா துணை நிற்பாராக.

நீ அனுப்பிய "ஸ்ரானி கிற்றார்: ஒரு குடும்பத்தின் பெருமை" கிடைத்தது. அதைத் தமிழில் கொஞ்சம் உணர்ச்சியோடு எழுதித் தரும்படியும், பப்பாவின் பெயரை உன் புதிய கிற்றார் கம்பனிக்குக் கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்படியும் கேட்டிருக்கிறாய். நான் படித்தது பௌதிகவியல்; உணர்ச்சிக்கு வேறு ஆளைப் பார். என்னிடம் இருப்பவை திருத்தங்கள்தான்.

"மூன்று தலைமுறை இசைப் பாரம்பரியம்" என்று தொடங்குகிறாய். மூன்று தலைமுறையும் சவப்பெட்டிதான் செய்தது. எழுபத்தொன்றில் இறக்குமதி நின்று பைலாப் பாட்டுப் பாண்டுக்காரருக்கு மின்சாரக் கிற்றார் கிடைக்காமல் போனபோது, ஸ்வரம் ஒன்றும் தெரியாத நம் பப்பா ஸ்ரனிஸ்லாஸ், பலகையும் பொலிஷும் ஒன்றுதானே என்று துணிந்தார். வாடிக்கையாளர் தன் காலால் நடந்துவந்து வாங்கக்கூடிய ஒரு சாமானைச் செய்துபார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நீ ஒரு வரியிலும் சொல்லாத புவாத் நாநாதான், மருதானையில் றேடியோ திருத்தியவர், தையல் மெசின் சக்கரத்தைச் சுழற்றித் தலைமயிரிலும் மெல்லிய கம்பியைச் சுருளாக்கி அந்தப் பலகைக்குக் குரல் கொடுத்தார். கிற்றார்ப் பெட்டிகளைச் செய்ததும் சவப்பெட்டி ஆட்களே. உள்ளே வெள்ளைச் சாட்டின், வெளியே பித்தளைப் பிடி, பழக்கதோஷத்தில் மூடியில் ஒரு சிலுவை. அதோடு வீட்டுக்குப் போன பொடியன்களைக் கண்டு தாய்மார் மயங்கி விழுந்தார்கள். ராக்சிக்காரர் இரட்டைக் கூலி கேட்டார். நீ எழுதுகிற அரை நூற்றாண்டு, சரியாக மூன்று வருடம் நீடித்தது.

"இன்றுவரை ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை" என்றும் எழுதியிருக்கிறாய். ஒருவகையில் உண்மை. சொல்லியிருக்க வேண்டியவர் இறந்துபோனார். துறைமுகத்தில் கிளாக்காக இருந்த சவுந்தரநாயகத்துக்கு அப்போது இருபத்துநாலு வயது. அவர் வாங்கிய கிற்றாரோடு ஒரு அம்பிளிபயரும் செய்துகொடுத்தோம். அது சும்மா வைத்தாலும் இரைந்துகொண்டே இருந்தது.

"வாசிக்க முந்தியே அழுகுது," என்றார் பப்பா. "செத்தவீட்டுச் சத்தம் போதுமெண்டுதானே நான் இதுக்கு வந்தனான்!"

"இரைஞ்சா இரையட்டும் மொதலாளி," என்றார் புவாத் நாநா. "அந்த எர்த் வயர்ல மட்டும் கை வெச்சிராதீங்க."

புவாத் நாநா பஸ் ஏறியதும் பப்பா குறடு ஒன்றை எடுத்து அந்தக் கம்பியை வெட்டினார். இரைச்சல் நின்றது. கசிகிற மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் கம்பி அது; அதை அறிய முதலாம் வருடப் பௌதிகம் போதும், நான் முதலாம் வருடத்தில்தான் இருந்தேன். மேசையில் புத்தகத்தோடு இருந்து பார்த்தேன். பப்பாவுக்கு எதையும் எடுத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இரண்டாம் நாள் ஒரு கலியாண விருந்தில், கிற்றார்க் கம்பிகளில் கை இருக்க, சவுந்தரநாயகத்தின் உதடு மைக்கில் பட்டது. அவர் துடித்ததைப் புது ஆட்டம் என்று நினைத்துச் சபை கைதட்டியது. "வன்ஸ் மோர்!" என்று கத்தினாராம் மாப்பிள்ளையின் மாமா. சவப்பெட்டியைப் பப்பா இலவசமாகக் கொடுத்தார். கிற்றாருக்குப் பூசிய அதே ரின்னில் மிஞ்சிய பொலிஷ்தான் அதற்கும்.

விசாரணை வந்தது. "பிள்ளை, வடிவான இங்கிலிசில ஒண்டு எழுதித் தா," என்றா மம்மி. "பப்பா உள்ளுக்குப் போனா கிளமன்றுக்குப் பால்மா ஆர் வாங்கிறது?" உனக்கு அப்போது ஐந்து வயது. முதலாளிக்குத் தெரியாமல் கம்பியை வெட்டியவர் புவாத் என்று வடிவாக எழுதிக்கொடுத்தேன். விசாரணையில் அது வாசிக்கப்பட்டபோது புவாத் நாநா ஒரு சொல்லும் மறுக்கவில்லை. ஆங்கிலம் விளங்கவில்லையாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அவரை மூன்று மாதம் மறியல் சிறையில் போட்டார்கள். அவருடைய றேடியோக் கடை பூட்டுப்பட்டது. முப்பது வருடமாக வீட்டு வாசலில் இருந்து மின்காற்றாடி திருத்துகிறார்.

ஆகவே உன் வரலாற்றில் இரண்டு வரி சேர்: கம்பியை வெட்டியவர் ஸ்ரனிஸ்லாஸ், பொய் எழுதியவள் ஐறீன். அவை அச்சில் வந்தால்தான் என் கையெழுத்து வரும். "துக்கமான விசயமெல்லாம் சாமான் விக்க உதவாது அக்கா" என்று நீ ரெலிபோனில் சொல்லப்போகிறாய். நம் வீட்டில் வேறு எதை விற்றோம்?

நேசத்துக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அக்கா ஐறீன்

பி.கு.: தபாலில் போடமுன் இதைப் புவாத் நாநாவிடம் காட்டவேண்டும் என்று தோன்றியது. இன்று மருதானைக்குப் போனேன். அவருடைய மனைவி ஜவாஹிறா தேத்தண்ணி தந்தா. அவர் முழுவதையும் இரண்டு தரம் வாசித்தார்.

"ஒங்கட பப்பா வெட்டின உண்மை," என்றார். "மத்த நாள் காலைல வந்து கண்டு, நான் அந்த வயரத் திரும்பப் பூட்டின. திரும்ப இரைஞ்ச. அந்தக் கிளாக்குப் பொடியன் வாசல்ல நிண்டு, 'கெதியாத் தாங்க நாநா, பஸ் போகப்போகுது' எண்டு கத்தின. நான்தான் மறுகா வெட்டின. அண்டைக்கு நீங்க எழுதின எல்லாம் சரி தங்கச்சி. அதுதான் நான் பேசாம இரிந்த."

உண்மையைச் சொல்கிறாரா, என்மேல் இரக்கப்படுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. சொன்னதை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டேன்.

"எனக்குக் கை நடுங்குது," என்றார். "நீங்களே எழுதுங்க. போன மொறையும் நீங்கதானே எழுதின."