அருவிக்குப் போகும் வழியில் ஒரு முழங்கால்

மாமியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அதுவும் சுற்றுலாவின் கடைசி நாள் காலையில், மருமகள் ஷூவின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

"நேரம் பார்த்துத்தான் பிடிச்சிருக்கு," என்று பல்லைக் கடித்தாள் அவள்.

விடுதிக்குப் பின்னால் தோப்பைத் தாண்டினால் அருவி. இரைச்சல் அறைவரை கேட்டது. இதையாவது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று கங்கணம் கட்டியிருந்தாள். முந்தாநாள் கடலோரப் பாறை முனைக்குப் போனார்கள். அவள் பார்த்தது போன் திரையில் கணவனின் முகத்தை. நேற்றுக் கடல் குகை. அங்கேயும் அதே முகம், கறுப்புக் கண்ணாடியோடு. "எடுத்தாச்சா? சரி, கிளம்பு" என்பதுதான் அவனுக்கு ஊர் சுற்றுவது.

"அம்மாவைத் தனியா விட முடியாது. நீ இரு. நான் ஒரு எட்டுப் போய் உனக்கு வீடியோ எடுத்துட்டு வரேன்," என்றான் கணவன்.

"எடுத்துட்டு வாங்க. வீடியோவுலயே குளிச்சுக்கறேன்."

அவள் விடுவதாக இல்லை. வரவேற்பறையில் கெஞ்சி வெந்நீர்ப் பை வாங்கி வந்து ஒத்தடம் கொடுத்தாள். முழங்கால் விட்டது; இடுப்பு பிடித்தது.

இடுப்புக்குக் களிம்பு தேய்த்தாள். களிம்பு வாடையில் மாமியாருக்குத் தலை சுற்றியது.

"நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டுப் போக ரெண்டு ஆள் சொல்லட்டுமா அத்தை?"

"தூக்கினா வாந்தி வரும்."

மருமகள் கணவன் பக்கம் திரும்பினாள். "உங்கம்மாதானே, நீங்க இருங்களேன்."

"எனக்கு வைத்தியம் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா? நான் படிச்சது கணக்கு."

மாமியார் முனகினார். "சண்டை போடாதீங்க. உங்கப்பா தேய்ச்சுக்குவாரேடா, பச்சை மூடித் தைலம், அதுக்குத்தான் இது கேக்கும். டவுனுக்குப் போய் வாங்கிட்டு வா."

"நான் போறேன்," என்றாள் மருமகள். போகிற போக்கில் அருவியை எட்டிப் பார்த்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"உனக்கு அதோட வாசனையே தெரியாது, நீ சும்மா இரு. டேய், வேற எதையாவது தலையில கட்டப் பார்ப்பாங்க. அதேதான் வேணும். ஒரு கடை விடாம கேளு."

கணவன் முணுமுணுத்துக்கொண்டே கார் சாவியை எடுத்தான். மருமகள் ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தாள். கார் சத்தம் வளைவில் தேய்ந்து மறைந்தது.

மாமியார் கட்டிலிலிருந்து குதித்து இறங்கினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த ஷூவைப் பொறுக்கி வந்து மருமகள் காலடியில் போட்டார்.

"மாட்டும்மா சீக்கிரம், அந்தத் தைலம் வர்றது நின்னு வருஷக்கணக்காச்சு, பொழுது சாயுற வரைக்கும் தேடுவான்."