எலுமிச்சம்பழம் நடத்திய விசாரணை

கீழச்சுனைப்பட்டிக்கு எலுமிச்சைச் சித்தர் வந்த அன்று அன்னவாசல் ரோட்டில் மினி பஸ் அப்படியே நின்றுவிட்டது. வண்டியில் கோளாறு இல்லை. டிரைவரும் கண்டக்டரும் இறங்கிச் சித்தரைப் பார்க்கப் போய்விட்டார்கள். சித்தர் மந்திரம் சொல்லி விட்டால் எலுமிச்சம்பழம் தானாக உருண்டு குற்றவாளியிடம் போய் நிற்குமாம். போலீஸ் நாய்கூட மோப்பம் பிடிக்க ஒரு துணியாவது கேட்கும். பழம் அதுவும் கேட்காது.

அவரை ஊருக்கு வரவழைத்தவன் ஷேர் ஆட்டோ ஓட்டும் மதுரைவீரன். காரணம் இருந்தது. ஊர் பஸ் ஸ்டாப்பில் புதிதாகக் கட்டிய நிழற்குடை, திறப்பு விழாத் தோரணம் காய்வதற்குள் இடிந்து அவன் ஆட்டோ மேல் விழுந்தது. டீ குடிக்கப் போயிருந்ததால் ஆள் தப்பினான். ஆட்டோ அப்பளமானது.

விசாரிக்க வந்த அதிகாரி, பலத்த காற்றுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கு வேப்பிலைகூட அசையவில்லை. ஊர் சத்தம் போட்டதும் இன்னோர் அதிகாரி வந்தார். தூணில் ஆடு முதுகு சொறிந்ததால் விழுந்தது என்றார்.

“ஆட்டுக்கிட்ட வாக்குமூலம் வாங்கிட்டீங்களா சார்?” என்று மதுரைவீரன் பணிவாகத்தான் கேட்டான். விசாரணையில் குறுக்கிடக் கூடாது என்று பதில் வந்தது.

அன்றோடு அரசாங்க விசாரணை மேல் அவனுக்கிருந்த நம்பிக்கை போயிற்று. ஆனால் நம்பிக்கை என்பது சும்மா இருக்காது. ஓர் இடத்தைக் காலி செய்தால் வேறோர் இடத்தில் குடியேறிவிடும். அவனுடையது எலுமிச்சம்பழத்துக்குள் குடியேறியது.

மனைவி செவந்தி கேட்டுப் பார்த்தாள். “ஆபீசர் சொன்னத நம்பல, சரி. பழம் சொன்னா மட்டும் நம்பிருவீங்களா?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. பழத்துக்கு லஞ்சம் குடுக்க முடியாதுல்ல?”

நிழற்குடையைக் கட்டிய காண்ட்ராக்டர் சந்தனம், சித்தர் வரப்போவதைக் கேட்டு எரிச்சல்படவே இல்லை. “உண்மை வெளிய வரட்டும் தம்பி. நான் கட்டுன சமுதாயக்கூடம் சும்மாத்தான் கெடக்கு, அங்கயே வச்சுக்கங்க” என்று சாவியைக் கொடுத்தார். சித்தருக்குக் கறிச்சாப்பாடும் அவர் வீட்டில்தான். இவ்வளவு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டோமே என்று மதுரைவீரனுக்குக் கண் கலங்கியது.

சித்தர் கழுத்தில் எலுமிச்சை மாலை, கையில் ஸ்மார்ட் வாட்ச். ஊர்க்காரர்களைக் கூடத்தில் வட்டமாக உட்கார வைத்தார். “நீ மட்டும் அங்கிட்டு, சன்னலோரமா உக்காரும்மா” என்று செவந்தியிடம் தனியாகச் சொன்னார். டைல்ஸ் தரையின் நடுவில் பழத்தை வைத்து, மந்திரம் முணுமுணுத்து, விரலை எடுத்தார்.

பழம் ஒரு கணம் யோசித்தது. பிறகு சாவகாசமாக உருண்டு செவந்தியின் காலடியில் போய் நின்றது.

“இவ கண்ணு வச்சிருக்கா. அதான் விழுந்திருச்சு” என்றார் சித்தர்.

கூட்டத்துக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. “ஆமாமா, கட்டுறப்ப தெனமும் வந்து பாத்துக்கிட்டே நின்னா” என்றார் ஒருவர். “சிமெண்ட்டு எங்கன்னு கேட்டா” என்றார் இன்னொருவர். கட்டியவரை விட்டார்கள், காற்று என்று எழுதியவரை விட்டார்கள். நின்று பார்த்தவள் மாட்டிக்கொண்டாள். ஊரைவிட்டு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஒரு குரல் கிளம்பியது.

அரசாங்கத்தால் இத்தனை ஆண்டுகளில் முளைக்க வைக்க முடியாத பகுத்தறிவு, சொந்தப் பெண்டாட்டி பெயர் வந்ததும் மதுரைவீரனுக்கு அரை நிமிடத்தில் முளைத்தது.

“சாமி, இன்னொருக்கா விடுங்க” என்றான்.

பழம் மறுபடியும் செவந்தியிடமே போயிற்று. சந்தனம் உச்சுக்கொட்டினார்.

செவந்தி எழுந்து சேலையை உதறினாள். “நான் எடம் மாறிக்கிறேன். காண்ட்ராக்டர் அண்ணன் இங்கிட்டு வந்து உக்காரட்டும். பழத்துக்கு ஆளத் தெரியுமா, எடத்தத் தெரியுமான்னு பாத்துருவோம்.”

“சக்தி எறங்கிப்போச்சு” என்று அவசரமாக எழுந்தார் சித்தர்.

“கறிச்சோறு எறங்குற வரைக்குமாவது உக்காருங்க” என்று மதுரைவீரன் அவர் தோளை அமுக்கினான். நாலு பேர் சந்தனத்தைச் சன்னலோரம் உட்கார்த்தினார்கள். மதுரைவீரனே பழத்தை நடுவில் வைத்தான். மந்திரம் கிடையாது. பழம் நேராகச் சந்தனத்தின் மடிக்குப் போயிற்று.

கூடம் அதிர்ந்தது. “பழம் உண்மையச் சொல்லிருச்சு” என்று பெட்டிக்கடை ஜஸ்டின் ஓடிப்போய்ப் பழத்துக்குச் சூடம் காட்டப் பார்த்தான். ஏமாற்றுக்காரன் மாட்டினாலும் ஏமாறுகிறவன் திருந்த வேண்டுமே.

“வத்திப்பெட்டிய உள்ள வைங்க” என்ற செவந்தி, ஒரு குடம் தண்ணீரை நடுக்கூடத்தில் கவிழ்த்தாள். அத்தனையும் சன்னலை நோக்கி ஓடிச் சந்தனத்தின் வெள்ளை வேட்டியை நனைத்தது. “தண்ணிக்கும் சாமி வந்திருச்சா? தரை சரிவா இருக்குய்யா. இதக் கட்டுனது யாரு?”

எல்லாத் தலைகளும் சந்தனத்தின் பக்கம் திரும்பின. ஈரத்தில் நழுவி ஓடப் பார்த்த சித்தர் வழுக்கி விழுந்து, அவரும் சரிவின் பக்கமே போனார். “எந்தப் பக்கம் உருளும்னு அவருதான் சொன்னாரு” என்று சந்தனத்தைக் கை காட்டினார்.

“பழத்துக்கு லஞ்சம் குடுக்க முடியாதுதான். பழக்காரருக்குக் குடுத்துட்டாங்க” என்று செவந்தி கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப யாரத்தான் நம்புறது?” என்று ஜஸ்டின் பரிதாபமாகக் கேட்டான்.

“யாரையும் நம்ப வேணாம். மறுபடி ஆபீசரக் கூப்பிடுவோம். வர்ற அன்னிக்குப் பக்கத்துல நின்னு பாப்போம்” என்றாள் செவந்தி.

ஊரே ஆபீசு வாசலில் போய் உட்கார்ந்ததில் ஒரு பொறியாளர் வந்தார். இடிந்த தூணைச் சாவியால் சுரண்டினார். மணல் பொலபொலவென்று கொட்டியது. வழக்கப்படி, “அன்னிக்குக் காத்து...” என்று ஆரம்பித்தார். நிமிர்ந்தால் சுற்றிலும் நூறு முகங்கள். கையில் இருந்த மணலை மறுபடி பார்த்தார். மதுரைவீரன் பை ஒன்றை நீட்ட, அதில் மணலைப் போட்டு, சோதனைக்கு அனுப்புவதாகச் சொல்லிச் சீல் வைத்தார்.

“ஏம்ப்பா, எங்க மேல இவ்வளவு அவநம்பிக்கையா?” என்று வருத்தப்பட்டார்.

“ஆமாங்க சார்” என்றான் மதுரைவீரன். “இம்புட்டு நாளும் அந்த அவநம்பிக்கைய வீட்டுல வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துட்டோம். அதுதான் தப்பு. ரிசல்ட்டு வர்ற அன்னிக்கும் எல்லாரும் வாரோம்.”