கேட்டதும் திருப்பிக் கொடுத்த பீஸ்

தக்கலை,
கொல்லம் 1106 ஆனி 11, வியாழன்.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் சத்தியராஜுக்கு, கருப்பட்டிக் கடை இஸ்ரவேல் சமாதானம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நானும் உமது அக்காள் நேசம்மாளும் தேவகிருபையால் சுகம். அவ்விடம் நீரும் உமது வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நேசம்மாள் திங்கட்கிழமை முதல் என்னோடு பேசுவதில்லை, ஆகவே அவள் ஜெபிக்கிறாளா என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியாது. என் பங்குக்கு நான் ஜெபிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் குளோரியைத் திருவனந்தபுரத்தில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று, அங்கேயே சர்க்கார் ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவாகிய நீர்தான் ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி என்னைச் சம்மதிக்க வைத்தீர். முப்பத்தாறு ரூபாய் பீஸ் கட்டினேன், ரசீதும் வாங்கினேன், பிள்ளையை ஹாஸ்டலில் விட்டேன், அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு காலேஜ் விதிப் புத்தகத்தை மிஷன் பள்ளிக்கூடத்து ரசலையன் சாரிடம் கொடுத்து, அந்த இங்கிலீஷைத் தமிழில் சொல்லச் சொன்னேன். பதினான்காம் பக்கத்தில் வந்து அவர் சாவகாசமாகச் சொல்கிறார், காலேஜ் திறந்து பத்து நாளுக்குள் பிள்ளையை விலக்கிக்கொண்டால் பீஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும், ஒரு மாதத்துக்குள் என்றால் பாதி, அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கருப்பட்டி விற்கிறேன், சரக்கு நல்லதாக இருந்தால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எவனாவது முன்கூட்டியே அச்சடித்துக் கொடுப்பானா? அதுவும் பத்து நாள் என்று ஏன் கணக்கு? பதினோராம் நாள் அங்கே என்ன நடக்கிறது? எல்லாக் காலேஜிலும் இதே விதிதான் என்றார் ரசலையன் சார். எல்லாரும் சேர்ந்து செய்கிறார்கள் என்றால் சந்தேகம் கூடத்தானே செய்யும். அந்தப் பக்கத்தைப் பற்றி நீர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கிற்று. முழுப் பீஸையும் திருப்பித் தரத் துணிகிறவன் முதலிலேயே கூடுதலாக வாங்கியிருக்கிறான், ஆகவே குறைக்க இடம் உண்டு. சந்தையில் விலை படியாவிட்டால் நாம் என்ன செய்வோம் என்பது உமக்குத் தெரியும், உமது தகப்பனாரும் கருப்பட்டிதான் விற்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நாலு அடி நடப்போம், ஐந்தாவது அடியில் பின்னாலிருந்து கூப்பிடுவான். கூப்பிடாதவனை நான் பார்த்ததில்லை. அதை நினைத்துத்தான் திங்கட்கிழமை பஸ் ஏறிப் போய், மகளை விலக்கிக்கொள்கிறேன் என்று காலேஜ் குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் ஒரு அச்சுப் பாரத்தை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டார். வியாபாரத்தில் காரணம் சொல்கிற வழக்கம் இல்லையே, சொந்தக் காரியம் என்று போடச் சொன்னேன். கையொப்பமிடச் சொன்னார், ஒப்பிட்டேன். குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். நாலு அடி ஆயிற்று, பத்து அடி ஆயிற்று. வராந்தாவில் நின்று வேட்டியை அவிழ்த்துக் கட்டினேன். நோட்டீஸ் பலகையில் இங்கிலீஷில் எதையோ ஒட்டியிருந்தார்கள், அதை மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தேன். வெளிவாசல் வரை போய்க் குடையை விரித்தேன், வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அப்போது ஒருவன் ஓடி வருகிற சத்தம் கேட்டது, காலேஜ் பியூன்தான். முதல் கூப்பாட்டில் திரும்பினால் விலை குறையாது என்று நான் நடந்துகொண்டே இருந்தேன். இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகு மெதுவாகத் திரும்பினேன்.

“ரூவாய வாங்காம போறீரே வேய்,” என்றான் அவன். “ஒப்பு போட்டு வாங்கிட்டுப் போவும்.”

முப்பத்தாறு ரூபாயையும் எண்ணி வைத்தார்கள். ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தேன், ஒன்றாவது செல்லாததாக இருந்தால் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும். எல்லாம் நல்ல ரூபாய். பணம் கிடக்கட்டும், பேசித் தீர்க்கலாமே என்றேன். பெயர் அடித்தாயிற்று, காத்திருக்கிற பட்டியலில் அடுத்த பிள்ளைக்குக் கடிதம் போகும், மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டு அந்தக் குமாஸ்தா அடுத்த ஆளைப் பார்த்தார். குளோரி டிரங்குப் பெட்டியோடு இறங்கி வந்தாள். அழவில்லை. பஸ்ஸில் நான் சந்தை வழக்கத்தையெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தேன். குழித்துறைப் பாலம் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

“எனக்கு என்ன விலை வரும்னு பாக்கவா அப்பா நடந்தீங்க?”

சத்தியராஜு, உம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வெட்கமாகப் போயிற்று. தக்கலை வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் விடிந்ததும் அதே ரூபாயை அதே பையில் கட்டிக்கொண்டு திரும்பப் போனேன். அதே குமாஸ்தா. தொடக்கூட இல்லை. அடுத்த பிள்ளைக்குச் சனிக்கிழமை வரை தவணை உண்டு, அது பீஸ் கட்டிவிட்டால் இடம் அதற்கு, கட்டாவிட்டால் பார்க்கலாம் என்றார். கூட இரண்டு ரூபாய் வைத்துப் பார்த்தேன், அதையும் தள்ளிவிட்டார். பணத்தை வாங்க மாட்டேன் என்கிறதைக் கண்ட பிறகுதான் இது நல்ல காலேஜ் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆகையால் இக்கடிதம் கண்டவுடன் நீர் கச்சேரிக்கு லீவு போட்டுவிட்டு, அந்த அடுத்த பிள்ளை யார், அப்பன் யார், பணம் கட்டுகிற ஆளா என்று விசாரிக்க வேண்டியது. சனிக்கிழமை காலேஜ் ஆபீஸ் வாசலிலேயே நிற்க வேண்டியது. பேரம் பேச வேண்டாம், கேட்டதைக் கொடும், எவ்வளவானாலும் நான் தருகிறேன். அந்தப் பிள்ளை உமது தெருக்காரி என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது. நான் நம்பவில்லை, கேட்டு வைக்கிறேன். குளோரி மூன்று நாளாகக் கடைக்கு வந்து மூட்டைக்கு நம்பர் போடுகிறாள். ஒரு தப்பும் இல்லாமல் போடுகிறாள். அவள் குனிந்து எழுதுகிறதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். என் பிள்ளை படிக்க வேண்டும், சத்தியராஜு.

கர்த்தர் உம்மையும் உமது மனைவி ராஜபாயையும் பிள்ளைகளையும் ஒரு குறைவுமின்றி நடத்துவாராக. கச்சேரியில் உமக்கு மேலே இருக்கிறவர்களுக்கும், லீவு கொடுக்கும்படியான நல்ல மனதைத் தருவாராக.

இப்படிக்கு,
உம்மைப் பெரும்பாலும் நம்புகிற அத்தான்,
இஸ்ரவேல்.

பி.கு.: வெள்ளி காலை. மேலே கண்டதில் எதையும் செய்ய வேண்டாம். நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் நேசம்மாளும் குளோரியும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். முப்பத்தாறு ரூபாயையும் காணவில்லை. மேஜைமேல் குளோரி எழுதி வைத்த சீட்டு இருந்தது. திங்கட்கிழமையே அவள் உமக்கு அஞ்சல் போட்டாளாம். புதன்கிழமை நீர் போய்ப் பிரின்சிபால் அம்மாளைப் பார்த்தீராம், நேற்று உமது பதில் அவளுக்கு வந்ததாம். அடுத்த பிள்ளை வேறு காலேஜில் சேர்ந்துவிட்டதால் இடம் குளோரிக்கே என்று ஆகிவிட்டதாம். ஒரே ஒரு நிபந்தனை, கார்டியன் என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு உமது பெயரை எழுத வேண்டுமாம். நீர் ஒப்பிட்டும் கொடுத்துவிட்டீராம். ஆகக் கடைசியில் அந்தக் காலேஜிலிருந்து நீங்கினது நான்தான். நீர் எனக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறீர் என்று நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது, அதைச் சொல்லிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. உமக்கு என் ஸ்தோத்திரம். இன்னொன்று, ஓணம் லீவுக்குப் பிள்ளை வீட்டுக்கு வரவேண்டுமானால் கார்டியன் ஒப்பு வேண்டும் என்று அந்த விதிப் புத்தகத்தில் இருக்கிறதாம், ரசலையன் சாரிடம் இப்போதுதான் கேட்டுவிட்டு வந்தேன். தயவுசெய்து தாமதிக்காமல் ஒப்பிடும். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.