சாமிக்கு மட்டும் ஒரு சுருட்டு

அன்று நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. முனியப்பர் கோயில் கொட்டகையில் நான் ஒரு பலகை மாட்டினேன்.
2. அதில் புகைத்தல் பற்றி ஏழு விதிகள். ஏழாவது: எவருக்கும் விலக்கு இல்லை.
3. பொங்கலன்று முற்பகல் பதினொன்றரைக்கு முனியப்பரே சுருட்டுக் கேட்டார்.
4. விலக்குக் கொடுத்தேன்.
5. பன்னிரண்டு மணிக்குள் இன்னும் ஆறு பேருக்குச் சாமி வந்தது.
6. ஆறாவது ஆள் என் அப்பா.
7. கோயிலில் யாரும் செய்யக்கூடாத ஒன்றை, ஊர் பார்த்திருக்க நான் செய்தேன்.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீதி, மதகு, பொதுக்கட்டடம் என்று எதைக் கட்டினாலும் அளவு பார்ப்பது என் வேலை. பயம் வந்தால் பட்டியல் போடுவேன். பட்டியல் நீண்டால் பயம் பெரிது என்று அம்மா கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

அந்த வருடம் எனக்கிருந்த பயம் ஒன்றுதான்: அப்பாவின் நெஞ்சு. முப்பது வருடச் சுருட்டு அவரை ஒரு கிழமை வவுனியா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. மூச்சை அளக்கும் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். உள்ளே இருந்த முள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. இனி ஒரு சுருட்டுக்கூடக் கூடாது என்றார் டொக்டர். பொங்கலன்று அப்பா விட்டு நாற்பத்தொரு நாள். நாட்களை எண்ணியது நான். மணித்தியாலங்களை எண்ணியது அவர்.

பொங்கலுக்கு ஊர் ஆண்கள் எல்லோரும் கொட்டகைக்குள் இருந்து புகைப்பார்கள். அவர்கள் நடுவில் அப்பா எப்படித் தாங்குவார்? ஆகவே ஒரு மனிதரை நிறுத்த ஊரையே நிறுத்த முடிவு செய்தேன். (ஒரு நுளம்புக்காக ஊரையே வலை போட்டு மூடக்கூடிய ஆள் நான்.) கோயில் நிர்வாக சபையின் செயலாளரும் நானே, கூட்டக் குறிப்பு எழுத வேறொருவரும் சம்மதிக்கவில்லை. சபைக் கூட்டத்தில் விதிகளை வாசித்தபோது செல்லத்துரை மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“ஒருத்தருக்கும் விலக்கு இல்லையோ, பிள்ளை?”

“ஒருத்தருக்கும் இல்லை, மாமா.”

“தலைவருக்கும்?”

“தலைவருக்கும் இல்லை.”

“அப்ப சரி.” எல்லோரும் கை உயர்த்தினார்கள். தடை பக்கத்துக் கதிரைக்காரனுக்குத்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் ஊர் ஜெயபுரம். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் எங்கள் ஆட்கள். வரும்போது முனியப்பரையும் கூட்டி வந்தார்கள். அவருக்குச் சுருட்டு என்றால் உயிர். பொங்கலன்று பூசாரி மேல் இறங்கி, சுருட்டுப் புகைத்தபடிதான் வாக்குச் சொல்வார். இது எனக்கு நடை பழகிய நாளிலிருந்தே தெரியும். பலகை எழுதும்போது மட்டும் தெரியவில்லை.

அந்தப் பொங்கலன்று உடுக்கு உச்சத்துக்குப் போனது. பூசாரியின் உடம்பு குலுங்கியது. கை நீண்டது.

“எங்கடா என் சுருட்டு?”

தட்டு வைத்திருந்தவர் பலகையைப் பார்த்தார். பிறகு சனம் முழுவதும் பலகையைப் பார்த்து, என்னைப் பார்த்தது. (முனியப்பரும் ஒருதரம் திரும்பிப் பலகையை வாசித்தார் என்று மாமா இன்றும் சத்தியம் பண்ணுகிறார்.)

“என்ன பிள்ளை, சாமிக்கும் தடையோ?” என்றார் மாமா.

“சாமிக்கு விலக்கு இருக்கு.”

“பலகையில இல்லையே.”

பையிலிருந்து மார்க்கர் பேனையை எடுத்தேன். எழுத்து நேராகத்தான் இருந்தது. விதி எட்டு: சாமி வந்தவருக்கு மட்டும் விலக்கு.

மாமா அதைச் சத்தமாக வாசித்தார். “வந்தவருக்கு” என்ற சொல்லில் நிறுத்தி, மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு நான் பயந்திருக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் மாமாவுக்குச் சாமி வந்தது. அவருடைய ஐம்பத்திரண்டு வயதில் அதுதான் முதல் தடவை. அடுத்துத் தலைவர். அவருக்கு வந்த சாமி நிதானமானது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, சட்டைப் பையில் வைத்த பிறகுதான் ஆடியது. தொடர்ந்து இன்னும் மூன்று பேர்.

“வீட்டில தண்ணி அள்ளச் சொன்னா இந்த மனுசனுக்கு ஒரு சாமியும் வாறேல்லை!” என்று தலைவரின் மனைவி கத்தினார். பெண்கள் பக்கம் சிரிப்பில் சரிந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகரக் கூரைக்குக் கீழே ஆறு சுருட்டுப் புகை. யாருடைய வாயிலிருந்து வந்தோம் என்று புகைக்குத் தெரியாது. சாமியின் புகையும் மாமாவின் புகையும் அப்பாவின் நெஞ்சில் ஒரே வேலையைத்தான் செய்யும். அவரைத் தேடினேன். தூணோரம் இருந்தார். வலது முழங்கால் நடுங்கியது. அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து ஓடினேன். தோளும் நடுங்கியது. பிறகு “ஹூம்!” என்று எழுந்து நின்றார்.

“சுருட்டு!”

“அப்பா, இருங்கோ.”

“அப்பா இல்லை! முனி!”

“முனியாம் முனி,” என்றார் அம்மா. “காலமை மூச்சுக்கு ஆஸ்பத்திரிப் பம்ப் அடிச்ச முனி.”

மாமா தன் சாமியைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டுப் பேசினார். “பிள்ளை, எங்களுக்கொரு நியாயம், கொப்பாவுக்கொரு நியாயமோ? விதி எல்லாருக்கும் ஒண்டுதானே?”

அதுதான் கொடுமை. அவர் சொன்னது சரி.

கொங்கிறீட் போட்டால், அதில் ஒரு கட்டி எடுத்து நசுக்கிப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பேன். சோதனையில்லாத விதியை எழுதியதுதான் என் பிழை என்று அப்போது உறைத்தது.

“உண்மையான சாமி கற்பூரத்தைக் கையில ஏந்தும்,” என்றேன். “ஏந்துறவருக்குத்தான் சுருட்டு.” பலகையில் 8 (அ) என்று அதையும் எழுதினேன்.

பூசாரி எரியும் கற்பூரத்தை வழக்கம்போல வெறுங்கையில் வாங்கினார். தட்டு அடுத்தவர்களிடம் போனது. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மாமாவின் சாமி, நேரமாகிவிட்டது என்று மலையேறியது. ஒரு நிமிடத்துக்குள் ஐந்து சாமிகளும் போய்விட்டன. பாலம் ஒன்று கட்டி முடித்த பெருமை எனக்கு.

அப்பா மட்டும் போகவில்லை.

ஐந்து பேர் பின்வாங்கிய இடத்தில் தானும் பின்வாங்க அவருக்கு மனமில்லை. கையை நீட்டினார். “வை.”

தட்டுக்காரர் வைத்துவிட்டார்.

அப்பாவின் நடுக்கம் நின்றது. கற்பூரப் புகை நேரே முகத்துக்கு ஏறியது. இருமல் தொடங்கியது, ஆஸ்பத்திரியில் இரவு பகலாக நான் கேட்ட அதே இருமல். அப்படியும் அவர் கையை மூடவில்லை.

நான் குனிந்து, வாயால் ஊதி அதை அணைத்தேன்.

உடுக்கு நின்றது. சாமி நெருப்பை வாயால் ஊதக்கூடாது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எச்சில் படும், பெருங்குற்றம். நான் ஊதியதோ சாமி என்று நிற்பவரின் கையிலிருந்த நெருப்பை.

பூசாரி கிட்ட வந்தார். (எங்கள் ஊர் வயதானவர்களின் பேச்சில் இன்னும் மலைநாடுதான்.) “யாரும்மா ஊதுனது?”

“நான்தான்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் இருமல் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் சுருட்டை மண்ணில் போட்டு மிதித்தார்.

“நல்லதாப் போச்சு. எனக்கும் இந்தக் கருமம் ஒத்துக்கவே மாட்டேங்குது.”

அதைச் சொன்னது சாமியா பூசாரியா என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. எனக்குப் பரிகாரம், பதினொரு நாள் கோயில் கூட்டுவது.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்தார்.

“நீ ஊதாட்டி நான் கடைசிவரை வச்சிருந்திருப்பன்.”

“தெரியும்.”

“சுருட்டுத் தந்திருப்பியோ?”

“விதியில இருக்கு. தரத்தான் வேணும்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, திரும்பவும் சிரிப்பானது.

அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தப் பிறந்தநாள் கேக்குக்கும் மெழுகுதிரி ஊத என்னைத்தான் முன்னுக்குத் தள்ளுகிறார்கள். “சாமியையே ஊதினவள், இது என்ன பெரிய வேலை?” என்பார் மாமா. பிறந்தநாள்காரப் பிள்ளை அழும்.

இப்போதைய நிலைமை: பலகை கொட்டகையில் இருக்கிறது. எட்டாம் விதியைத் திருத்திவிட்டோம். முனியப்பருக்கு ஒரே ஒரு சுருட்டு, கொட்டகைக்கு வெளியே சூலத்தடியில் பற்றவைத்து வைக்கப்படும், யாருடைய வாயிலும் அல்ல. அப்பா புகைப்பதில்லை, எனக்குத் தெரிந்தவரை. இந்த வருடம் என் பிறந்தநாளுக்கு அவர் என்னைத் தள்ளிவிட்டுத் தானே மெழுகுதிரியை ஊதினார். மூன்றாவது மூச்சில் அணைந்தது.