ஐஸ் சார் நிறுத்திய என்சைம்

திருச்சி அக்கினி நட்சத்திரத்தில் கம்பளி மப்ளர் கட்டிக்கொண்டு நடமாடிய ஒரே ஜீவன் எங்கள் கல்லூரி ஐஸ் சார்தான். அவருடைய குளிர் அறையில் ஐந்து நிமிடம் நின்றால், வையம்பட்டி கடலைக்காட்டு வெயிலில் வளர்ந்த எனக்குப் பல் தந்தியடிக்கும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எம்.எஸ்ஸி. முடித்து அவரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்த கர்வத்தில், நடுக்கத்தை வெளியே காட்டமாட்டேன்.

ஆட்டுச் சிறுநீரகத்தின் செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் ஓர் என்சைம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வரும் உப்பை ஓயாமல் வெளியே இறைப்பது அதன் வேலை. சூடு பட்டால் செத்துப்போகும். எது அதை நிறுத்தும் என்று கண்டுபிடிப்பது சாரின் வேலை.

வெங்காயம்கூடத் தொடாத அந்த ஸ்ரீரங்கத்துக்காரர், தினமும் காலையில் பாலக்கரை கறிக்கடையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஐஸ் நிரப்பிய கூஜாவை நீட்டுவார்.

"மிளகு தூக்கலாப் போட்டு வறுங்க சாமி," என்பார் கடை பாய்.

"சாப்பிட இல்லை பாய். இதுக்குள்ள ஒண்ணு ஓடிண்டிருக்கு, அதை நிறுத்தணும்."

"ஆட்டையே நிறுத்தியாச்சே சாமி. இன்னும் எதை நிறுத்தப் போறீங்க?"

ஒரு நாள் துளசிச் சாறு என்சைமை நிறுத்திவிட்டது. பெருமாளே கண் திறந்துவிட்டதாகச் சார் பூரித்தார். மெட்ராஸ் மாநாட்டில் கட்டுரை வாசிக்க ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஏங்கிய மேடை அது. நான் செய்து பார்த்தபோதோ, துளசியைக் குடித்துவிட்டு என்சைம் தெம்பாக ஓடியது.

"உன் கைக்குச் சூடு அதிகம்மா," என்றார்.

மறுநாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான துளசி கலக்காத குழாய்களை முதலில் குலுக்கி வைத்தார். வழக்கம்போல் வராந்தாவுக்குப் போய் வெற்றிலை போட்டுக்கொண்டார். திரும்பி வந்து, துளசிக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கினார். விரல் நுனியில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. அதிலுள்ள கால்சியம் அந்த என்சைமுக்கு ஆகவே ஆகாது.

"சார், கையைக் கழுவிட்டு ஒரு தடவை குலுக்குங்களேன்."

கழுவினார். குலுக்கினார். துளசியோடு என்சைம் ஜம்மென்று ஓடியது. சார் மப்ளரை அவிழ்த்து மடித்து மேஜையில் வைத்தார்.

"நாளைக்கு ரயிலும்மா."

"போகாதீங்க சார். சிரிப்பாங்க."

போனார். திரும்பி வந்ததும், என்ன வாசித்தீர்கள் என்று கேட்டேன்.

"சுண்ணாம்புக் கதையைத்தான் வாசிச்சேன். ஹாலே சிரிச்சுது. கண்டுபிடிச்சது யாருன்னு தலைவர் கேட்டார். வையம்பட்டி பொன்னம்மாள், எம்.எஸ்ஸி.ன்னேன். இன்னொரு தரம் நிறுத்தி நிதானமாச் சொன்னேன். எழுதிண்டா."

மெட்ராஸ் சிரிப்பை முழுவதும் தானே வாங்கிக்கொண்டு, என் பெயரை மட்டும் அங்கே விட்டுவிட்டு வந்த மனிதர் அவர்.