அம்பு படக்கூடாத இலக்கு

வில் இருந்தால் அம்பு வேண்டும். அம்பு இருந்தால் அது போய்க் குத்துவதற்கு ஓர் இடம் வேண்டும். இந்த மூன்றாவது விஷயத்தில்தான் அரசாங்கம் கொஞ்சம் யோசித்துக்கொண்டிருந்தது.

பத்தமடைக்குப் பக்கத்தில் உள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு வில் வந்தது, அம்பும் வந்தது. இலக்கு வரவில்லை. வில்லுக்கு ஒரு பிரிவு, அம்புக்கு ஒரு பிரிவு, இலக்குக்கு வேறு பிரிவு. அந்த மூன்றாவது பிரிவின் ஃபைல் சென்னைக்குப் போய், 'ஆவன செய்யப்படும்' என்ற நிலையில் நலமாக இருந்தது. அதுவரை வேப்பமரத்தில் அம்பு விடலாமா என்று தலைமையாசிரியர் திருஞானசம்பந்தம் எழுதிக் கேட்டார். மரம் வேறு துறை என்று பதில் வந்தது. சுவரைக் கேட்டார். சுவர் அதைவிட வேறு துறையாம்.

ஆகவே பதினொன்றாம் வகுப்பு ஷம்ஸியா தினமும் சாயங்காலம் நாணைத் தாடைவரை இழுப்பாள், ஒரு கண்ணைச் சுருக்குவாள், மூச்சைப் பிடிப்பாள், அப்புறம் பைய இறக்கி வைத்துவிடுவாள். அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் மாவட்டத் தேர்வு. அதில் தேறவேண்டும் என்பது அவளுக்கு ஒரு வெறி. ஒரு அம்புகூட விட்டுப் பார்க்காமல் எப்படித் தேறுவது என்பதுதான் பிரச்சினை.

அவள் வாப்பா மீரா முகைதீன் கோரைப்பாய்க் கடைக்காரர். ஊரில் மற்றவர்கள் பணம் சேர்த்தார்கள், வயல் சேர்த்தார்கள். முகைதீன் வருத்தம் சேர்த்தார். எந்தக் கல்யாணப் பந்தியில் எவன் தன் சகன் தட்டில் எலும்பாகப் பார்த்து வைத்தான் என்பதெல்லாம் அவருக்கு இன்றைக்கும் அத்துபடி. அதிலும் பள்ளிக்கூடத்தின் மேல் இருந்த வருத்தம் பெரிது. முன்னொரு காலத்தில் அந்தப் பள்ளிக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தார். 'உபயம்: மீரா முகைதீன்' என்று எழுதித்தான் மாட்டினார்கள். ஆனால் றெக்கையின் மேல்பக்கம் எழுதிவிட்டார்கள். அதைப் படித்தது பல்லி மட்டும்தான்.

மகளுக்கு இலக்கு இல்லை என்றதும் பாசம் ஒரு பக்கம், பெயர் ஆசை ஒரு பக்கம் என்று அவருக்கு இரண்டு விதத்திலும் வேகம் வந்தது.

கடைக்குப் பின்னால் பாயின் ஓரம் நறுக்கிய கோரைத் துண்டு குவிந்து கிடந்தது. அடுப்புக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. அரிசிச் சாக்கை விரித்தார். ஒரு அடுக்கு கோரை, ஒரு அடுக்கு கிழிந்த கைலி, மறுபடி கோரை, மறுபடி பழைய சேலை. ஒவ்வொரு அடுக்குக்கும் உள்ளே ஏறி நின்று மிதித்தார். கோணி ஊசியால் வாயைத் தைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினார்.

"ஒரு தலைகாணிக்குப் பஞ்சு அடச்சித் தாங்கன்னு எத்தன நாளாச் சொல்லுதேன்," என்றாள் அவர் மனைவி கமர் நிஷா. "அம்புக்கு மெத்த தைக்கீங்களாக்கும்."

மேலே கட்ட ஒரு பிளக்ஸ் பேனர் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு வன்னியராஜ் பேரனின் காதுகுத்துக்குத் தன் படத்தைப் போட்டு வைத்த பேனர் சாக்கடை ஓரமாகக் கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டால் பின்பக்கம் வெள்ளை. அண்டா மூடி, சகன் தட்டு, சோற்றுத் தட்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து வட்டம் போட்டார். மாட்டுக் கொம்புக்கு அடித்து மிச்சமான பெயிண்டையும் வன்னியராஜே கொடுத்தார். ஓரம் நீலம், அடுத்து சிவப்பு, நடு வட்டம் மஞ்சள். அந்த மஞ்சளின் மேல் முகைதீன் கறுப்பு மையால் நிதானமாக எழுதினார்: 'உபயம்: மீரா முகைதீன்.'

"வாப்பா, அங்கனதான அம்பு குத்தணும்," என்றாள் ஷம்ஸியா.

"குத்தட்டுமே. குத்துற எடத்தத்தான எல்லாவனும் பாப்பான்."

பிளக்ஸைப் பார்க்க வந்த வன்னியராஜுக்கு மட்டும் சங்கடம். "உள்ள இருக்கது எம் மூஞ்சி வே. மேல உம்ம பேரா?"

பள்ளியில் விழா எடுத்தார்கள். திருஞானசம்பந்தம் பொன்னாடை போர்த்தினார். போர்த்திய கையோடு, பெஞ்சுக்கும் பீரோவுக்கும் போடுவதுபோல் இலக்கின் மூலையிலும் வெள்ளைப் பெயிண்டால் அரசு இருப்பு எண் ஒன்று போட்டுவிட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷம்ஸியா முதல் அம்பை விட்டாள். தொப்பென்று நீல ஓரத்துக் கோரைக்குள் இறங்கி நின்றது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து முகைதீனுக்குப் பழைய வருத்தங்களில் பாதி மறந்துபோனது.

அடுத்த வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து பிருந்தா மேடம் ஆய்வுக்கு வந்தார். இலக்கை முன்னும் பின்னும் சுற்றிவந்தார்.

"இதென்ன ஓட்டை?"

"அம்பு பட்டது மேடம்," என்றார் தலைமையாசிரியர்.

"அம்பை யார் இந்தப் பக்கம் விடச் சொன்னது?"

"இது டார்கெட்டு மேடம்."

"டார்கெட்டா இருக்கட்டும். எண் போட்டிருக்கீங்களே. எண் போட்ட பெஞ்சுல ஒரு பையன் காம்பஸால ஓட்டை போட்டா சும்மா விடுவீங்களா?"

திருஞானசம்பந்தம் யோசித்துப் பார்த்தார். அவர் சர்வீஸில் ஒரு பையனையும் அப்படி விட்டதில்லை. "விட மாட்டேன் மேடம்."

"அப்ப?"

அன்று சாயங்காலம் இலக்குக்குத் தார்ப்பாய் போர்த்திக் கட்டினார்கள். ஷம்ஸியா மறுபடி இழுக்கவும் இறக்கவும் தொடங்கினாள்.

முகைதீன் அலுவலகத்துக்கு ஓடினார். "எம் பொருள எனக்கே திருப்பிக் குடுத்துருங்க மேடம்."

"அரசு சொத்தைத் தனியாருக்குக் கொடுக்க முடியாது. வேணும்னா கணக்கிலிருந்து கழிவு பண்ணலாம். அதுக்கு உபயோகப்படாத அளவுக்குச் சேதமாகியிருக்கணும்."

"நாலு நாள் அம்பு விட்டாச் சேதமாயிரும்."

"சேதப்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே."

"பெறவு எப்பிடித்தான் கழிக்க?"

"முறைப்படி," என்றார் பிருந்தா மேடம்.

வேறொரு இலக்கு செய்து வீட்டில் வைக்கலாமென்றால் வில்லும் எண் போட்டது, பள்ளிக் கேட்டைத் தாண்டாது. பெயர் எழுதாமல் ஒன்றைப் பள்ளியில் கொண்டுபோய் வைக்கப் பார்த்தார். "பேரில்லாம வர்ற பொருள் சந்தேகப் பொருள் அண்ணாச்சி. போலீசுக்குச் சொல்ல வேண்டியதிருக்கும்," என்று தலைமையாசிரியர் அன்பாகவே சொன்னார்.

அந்த வாரத்திலேயே வன்னியராஜ் ஒரு இலக்கு செய்து கொண்டுவந்தார், முகைதீனுடையதைவிட ஒரு முழம் பெரிசாக. அவருக்கும் பொன்னாடை, அவர் இலக்குக்கும் எண். அதைப் பார்த்துக் கல்யாண மண்டபக்காரர் ஒன்று, நகைக்கடைக்காரர் ஒன்று, அல்வாக்கடைக்காரர் ஒன்று. துபாயிலிருந்து சல்மான் ஃபாரிஸ் என்பவர் வீடியோ காலிலேயே பொன்னாடை போர்த்திக்கொண்டார். வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றால் பள்ளிக்கு ஒரு இலக்கு செய்து கொடுப்பது பேஷனாகிவிட்டது. எல்லாரும் பெயரை நட்ட நடுவில்தான் எழுதினார்கள். மைதானம் முழுக்க இலக்காக நின்றது. வில்லோடு ஒரு பிள்ளை நிற்கத்தான் இடமில்லை.

தேர்வு நாள் வந்தது. பாளையங்கோட்டை மைதானத்துக்கும் இலக்கு வந்து சேரவில்லை. தேர்வை நடத்திய பிருந்தா மேடத்துக்குச் சட்டென்று நினைவு வர, பள்ளியின் இலக்குகளை லாரியில் ஏற்றி வரச் சொன்னார். அன்றைக்கு மட்டும் ஒரு தற்காலிகத் தளர்வு: அம்பு படலாம். ஆனால் தம் பெயரில் அம்பு பட்டதை உபயதாரர் ஆட்சேபித்தால் அந்த அம்பு செல்லாது.

உபயதாரர்கள் வேட்டி சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலிகளில், அவரவர் இலக்குக்கு எதிராக உட்கார்ந்தார்கள். ஒரு பையன் மண்டபக்காரர் பெயரில் அடித்தான்.

"ஆட்சேபிக்கேன். சரியா 'ஏ.சி. வசதி'யில குத்திட்டான்."

அடுத்தவன் வன்னியராஜ் பெயரில் அடித்தான். "எம் பேரு கழுத்துலயே ஏத்திட்டானே. ஆட்சேபிக்கேன்."

இதைப் பார்த்த பிள்ளைகள் பயந்துபோய் நீல ஓரத்திலேயே அடிக்கத் தொடங்கினார்கள்.

தன் மகள் தன் இலக்கில்தான் அம்பு விடவேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தவர் முகைதீனேதான். ஷம்ஸியா இழுத்தாள். பழக்க தோஷத்தில் இறக்கிவிடுவாளோ என்று அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அவள் இறக்கவில்லை. அம்பு போய் அவர் பெயரின் நட்ட நடுவில் நின்று ஆடியது.

"உபயதாரர் ஆட்சேபிக்கிறாரா?" என்று கேட்டார் பிருந்தா மேடம்.

"சொல்லும் வே," என்று வன்னியராஜ் முழங்கையால் இடித்தார். "நாங்கல்லாம் சொல்லல?"

"அவ எம் மவ வே."

"மவ அடிச்சா மட்டும் ஓட்ட விழாதோ?"

முகைதீன் தன் பெயரைப் பார்த்தார். எத்தனை நாள் கழித்து நாலு பேர் கண்ணில் பட்ட பெயர். மகளைப் பார்த்தார். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"ஆட்சேபண இல்ல," என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் குரலில்.

அன்றைக்கு நடு வட்டத்தில் செல்லுபடியான அம்பு அது ஒன்றுதான். ஷம்ஸியா முதலாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள்.

மறுநாள் பேப்பரில் அவள் படம் வரவில்லை. இலக்கின் படம் வந்தது. மஞ்சள் வட்டம், நடுவில் அம்பு, அதைச் சுற்றிப் பளிச்சென்று 'உபயம்: மீரா முகைதீன்.' டீக்கடை டீக்கடையாக அதைப் பார்த்தார்கள். பத்து மணிக்கெல்லாம் மற்ற உபயதாரர்கள் தலைமையாசிரியர் அறையில் நெருக்கியடித்து நின்றார்கள்.

"எம் பேருல குத்துன அம்ப எதுக்கு சார் செல்லாதுன்னீங்க?" என்றார் வன்னியராஜ்.

"நீங்கதான அண்ணாச்சி ஆட்சேபிச்சீங்க."

"நான் சொன்னா நீங்க எடுத்துச் சொல்ல வேண்டாமா? எம் பேரு என்ன அம்பு படக்கூடாத பேரா?"

விஷயம் மேலிடம் போய், வழக்கத்தில் இல்லாத வேகத்தில் உத்தரவாக வந்தது: 'உபயதாரரின் எழுத்துமூல விருப்பத்தின் பேரில் அன்னாரது பெயரில் அம்பு எய்து அன்னாரைக் கௌரவிக்கலாம்.'

அன்றிலிருந்து ஷம்ஸியாவுக்கு ஓய்வில்லை. தினமும் சாயங்காலம் பெயர் பெயராக அடித்தாள். பெயருக்கு உடையவர்கள் குளித்து, விபூதியோ அத்தரோ பூசி, போனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மாநிலப் போட்டிக்குப் போகிற வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு பயிற்சி கிடைத்திருக்காது.

ஒரு நாள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு முகைதீன் மைதானத்துக்கு வந்தார். இலக்கு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவர், வன்னியராஜின் இலக்குக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"ஏளா, அவன் பேருல ரெண்டு அம்பு குத்தியிருக்கு. எம் பேருல ஒண்ணுதான் இருக்கு. என்னா இது?"

"அவுக ரெண்டாந் தடவ வந்து வரிசையில நின்னாக வாப்பா," என்றாள் ஷம்ஸியா, நாணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முகைதீன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.